கனத்த அம்பும் கடுகிய அம்பும்

கொல்லிமலைத் தலைவன் ஓரியை நம் மாணவர் நன்கறிவர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவனை வல்வில் ஓரி என்றே புலவருலகம் வழங்கும். அவன் எய்த அம்பு ஒன்று யானையொன்றைக் கொன்று, அப்பாலிருந்த புலியின் உடலையுங் கடந்து, மான், காட்டுப்பன்றி ஆகியவற்றையும் மாய்த்து, ஈற்றிற் புற்றினுட் கிடந்த உடும்பிலே தைத்து நின்றது என்னுஞ் செய்தியைப் புறநானூற்றிலே வன்பரணர் தருகின்றார். இது புலவரின் உயர்வுநவிற்சி என்று சொல்லி அப்பாற் செல்லுதல் எளிது. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. ஓரியின் வில்லாற்றலை அளப்பதற்குப் புலவர் கைக்கொண்ட அளவுகோல் யாது? அம்பு எவ்வளவு தூரஞ் சென்றது என்பதன்று. எவ்வளவு விரைவாகப் பறந்தது என்பதுமன்று. எவ்வளவு ஆழமாக ஊடுருவியது என்பதே அவர் கொண்ட அளவுகோல்.

இவ்வளவுகோல் பொருத்தமானதுதானா என்னும் வினா இன்று அமெரிக்காவிலும் தென்னாபிரிக்காவிலும் வில்லேந்தி வேட்டையாடுவோரிடையே தராசுங் கணக்குங் கொண்டு வாதிக்கப்பட்டு வருகின்றது. பெரிய விலங்கை வேட்டையாடப் போகின்றவன் கடுகிப் பறக்கும் இலேசான அம்பைத் தெரிவு செய்வதா, அன்றி மெதுவாகச் செல்லுங் கனத்த அம்பைத் தெரிவு செய்வதா என்பதே வாதம். வேட்டையிற் பற்றில்லாதவரும் இவ்வாதத்தைக் கேட்டல் நன்று. பௌதிகம் படிக்கும் மாணவருக்கு அதில் ஒரு நல்ல பாடமுண்டு. ஏனையோர்க்கு அதில் ஓர் அறக் கேள்வியுண்டு.

அம்பு கொல்லும் முறை

துப்பாக்கிக் குண்டும் அம்பும் ஒரே தொழிலைச் செய்வன எனப் பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. விரைந்து வருங் குண்டு தான் செல்லும் வழியிலுள்ள தசையை மட்டுமன்றிச் சுற்றியுள்ள தசையையும் அதிர்த்துச் சிதைக்கின்றது. அம்பிடம் அத்தகைய வல்லமை இல்லை. அது கத்தியைப் போன்றது. தான் தொட்ட இடத்தை மட்டும் அறுத்துச் செல்வது. நுரையீரலையோ இதயத்தையோ பெரிய குருதிக் குழாய்களையோ அறுத்தாலன்றி அது விரைவிற் கொல்லாது.

இவ்வுண்மையை மேனாட்டார்க்குத் தெளிவாக எடுத்துக் காட்டியவர்களுள் முதன்மையானவர் சாக்ஸ்டன் போப் என்னும் சத்திர வைத்தியர். கலிபோர்னியாச் சர்வகலாசாலையின் வைத்தியக் கல்லூரியிலே பணியாற்றிய அவர், வில்வித்தையைக் கற்றது ஒரு செவ்விந்தியரிடத்திலேயாகும். யாகி என்னுங் குலத்தாரெல்லாம் அழிந்தொழிய, எஞ்சிநின்ற ஒரேயொருவர் 1911-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஓரோவில் என்னும் ஊரின் புறத்தே பசியால் வாடிய நிலையிற் காணப்பட்டார். ஈஷி என அழைக்கப்பட்ட அவர் 1916-ம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் காசநோயால் இறக்கும்வரை சான் பிரான்சிஸ்கோவிலுள்ள சர்வகலாசாலை நூதனசாலையில் வாழ்ந்தார். வில் செய்தலையும், கணை தீட்டலையும், விலங்கை அண்மைக்கு வரவழைக்கும் உபாயங்களையும் போப் அவரிடமே பயின்றார்.

பின்னர் போப் பல தேசத்து விற்களையும் அம்புகளையும் எய்து சோதித்து, தாம் கண்டவற்றை 1923-ல் வெளியிட்டார். 75 இறாத்தல் இழுவிசையுள்ள வில்லிலிருந்து புறப்பட்ட ஓர் அவுன்சு நிறையுள்ள அம்பு, 10 யார் தூரத்திலே 25 அடி-இறாத்தல் சக்தியுடன் தாக்கும் என்பது அவர் கண்ட அளவு. வேட்டைக்கு வழங்கும் வலிய துப்பாக்கியின் குண்டு 2,500 அடி-இறாத்தலுக்கு மேற்பட்ட சக்தியுடன் புறப்படும். அம்பின் சக்தி அதில் நூற்றிலொரு பங்குதானும் இல்லை. அங்ஙனமிருந்தும் 1920-ல் போப்பும் அவர் நண்பர் ஆதர் யங்கும், கலிபோர்னிய விஞ்ஞானக் கழகத்தின் பொருட்டு உத்தரவு பெற்று, யெலோஸ்டோன் காட்டிலே பெருங்கரடிகளை வில்லால் வீழ்த்தினர். சக்தி சிறிதாயினும் கூரிய அலகு உள்ளுறுப்புவரை சென்று சேர்ந்தமையே அதற்குக் காரணம்.

ஆகவே அம்பைப் பொறுத்தவரை, எவ்வளவு வலிமையாக மோதியது என்பதிலும் எவ்வளவு ஆழஞ் சென்றது என்பதே தலையாய கேள்வியாகும்.

நிறையும் அளவையும்

வில்லாளர் அம்பின் நிறையைக் கிறெயின் என்னும் பழைய ஆங்கில அளவையாற் குறிப்பர். 7,000 கிறெயின் கொண்டது ஓர் இறாத்தல். ஒரு கிறாமுக்குப் பதினைந்தரைக் கிறெயின் வரை அடங்கும். நம்மூர்த் தட்டாரின் குன்றிமணி ஏறக்குறைய 2 கிறெயின் எனக் கொள்ளலாம். இன்னும் எளிதாகச் சொல்வதாயின், 8 கிறாம் கொண்ட பவுண் நான்கைத் தராசிலிட்டால் எவ்வளவு நிறை இருக்குமோ, அவ்வளவே 500 கிறெயின் அம்பின் நிறை. 386 கிறெயின் அம்பு மூன்று பவுணுக்குச் சற்றுக் கூட; 772 கிறெயின் அம்பு ஆறு பவுணுக்குச் சற்றுக் கூட.

இனி ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒருவன் ஒரே சக்தியுடன் இரண்டு அம்புகளை எய்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 25 கிறாம் திணிவுடையது. செக்கனுக்கு 85 மீற்றர் வேகத்துடன் செல்கின்றது. இரண்டாவது 50 கிறாம். அதன் வேகம் செக்கனுக்கு 60 மீற்றர். திணிவின் பாதியை வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்கினால் இயக்கசக்தி கிடைக்கும். இரண்டுக்கும் அது ஏறக்குறைய 90 யூல். சக்தியை மட்டும் நோக்கினால் இரண்டும் சமமானவையே.

உந்தத்தை நோக்கினால் நிலைமை வேறு. உந்தமாவது திணிவை வேகத்தாற் பெருக்கி வருவது. கிறாமைக் கிலோகிறாமாக மாற்றிக் கணக்கிட்டால் இலேசான அம்புக்கு 2.1, கனத்த அம்புக்கு 3.0. சக்தி சமமாயிருக்கக் கனத்த அம்பின் உந்தம் 40 சதவீதத்தினும் சற்று மிகுந்துள்ளது. இம்மிகுதி விலங்கின் உடலினுள்ளே எவ்வாறு பயன்படுகின்றது?

குளத்து நீர் சொல்லும் விடை

இடுப்பளவு நீரிற் குளத்தைக் கடந்தவர் இதனை எளிதில் உணர்வர். மெல்ல நடந்தால் நீர் விலகி வழிவிடும். ஓட முற்பட்டாலோ அதே நீர் சுவர்போல் எதிர்த்து நிற்கும். நீரின் தடை, நாம் செல்லும் வேகம் கூடக் கூடத் தானும் கூடுகின்றது. குருதியும் நீரும் நிறைந்த தசையும் பெரும்பாலும் இவ்வாறே நடந்துகொள்கின்றது. விரைந்து வரும் அம்பு, தன் விரைவினாலேயே தனக்கு மிகுந்த பகையைத் தேடிக்கொள்கின்றது.

உயர்தர வகுப்பு மாணவர் இதனைத் தாமே நிறுவிப் பார்க்கலாம். தடைவிசை எந்த வேகத்திலும் மாறாதது எனக் கொண்டால், அம்பு செல்லும் ஆழம் அதன் இயக்கசக்தியையே பொறுத்தது. நமது இரண்டு அம்புகளும் ஒரே ஆழமே செல்லும். தடைவிசை வேகத்துக்கு நேர்விகித சமமானது எனக் கொண்டால், ஆழம் உந்தத்துக்கு நேர்விகித சமமாகும். அப்பொழுது கனத்த அம்பு மற்றதினும் 40 சதவீதம் ஆழமாகச் செல்லும். தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுமாயின் கனத்ததன் நன்மை பின்னும் பெரிது. உண்மையான உடலில் இம்மூவகைத் தடையும் கலந்தே இருக்கும். எவ்வகையிற் பார்த்தாலும் ஒரே சக்தியுடன் வருங் கனத்த அம்பு இலேசானதற்குப் பின்தங்குவதில்லை என்பது தெளிவு.

இன்னுமொரு நன்மையும் உண்டு. நாணை விட்டதும் வில்லிற் சேர்ந்திருந்த சக்தி முழுவதும் அம்புக்குப் போய்ச் சேர்வதில்லை. வில்லின் இரு கரங்களும் நாணும் முன்னோக்கிப் பாய்வதற்கே ஒரு பகுதி செலவாகின்றது. அம்பு கனத்ததாயின் அது மெல்லப் புறப்படும். கரங்களும் மெல்லவே திரும்பும். ஆகவே அம்புக்குக் கிடைக்கும் பங்கு கூடும். அம்பு மிக இலேசாயின் எஞ்சிய சக்தி அதிர்வாகவும் ஓசையாகவும் வெளிப்பட்டு வில்லையே முறிக்கக்கூடும். இதனாலேயே வில் செய்வோர், இழுவிசையின் ஓர் இறாத்தலுக்கு 5 கிறெயினுக்குக் குறைந்த அம்பை எய்யலாகாது என எச்சரிக்கின்றனர். பழைய முறையான மரவில்லைக் கையாள்வோர் இறாத்தலுக்கு 8 முதல் 10 கிறெயின் வரை கொள்வர். 50 இறாத்தல் வில்லுக்கு அது 400 முதல் 500 கிறெயின் ஆகின்றது.

விரைவில் எழுந்த மோகம்

பின்னர் இலேசான அம்பின்மீது எங்ஙனம் மோகம் எழுந்தது? மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹொலிஸ் வில்பர் அலன் என்பார், கரங்களின் நுனியிலே கப்பிகளைப் பொருத்திய புதுவகை வில்லொன்றை அமைத்து 1969-ல் அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். முழுவதும் இழுத்துப் பிடித்திருக்கும்போது கைக்குப் பாரங் குறைவு. விட்டபின் அம்புக்கு வேகம் அதிகம். கப்பி வில் பரவியதும் உற்பத்தியாளரிடையே விரைவுப் போட்டி மூண்டது. 70 இறாத்தல் வில்லில் 350 கிறெயின் அம்பை எய்து, அது செக்கனுக்கு 300 அடிக்கு மேற் செல்கின்றது என்று விளம்பரஞ் செய்தல் வழக்கமாயிற்று. இறாத்தலுக்கு 5 கிறெயின் என்னுங் கீழெல்லையே அது என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். காபன் நாராற் செய்த மெல்லிய தண்டுகளும் வந்துசேரவே, இலேசான அம்பைப் பெறுதல் எளிதாயிற்று.

விரைவை விரும்பியவர்களை வீண்பெருமைக்காரர் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அவர்கள் பக்கத்திலும் வலுவான நியாயம் உண்டு. அம்பு நாணைவிட்ட கணத்திலிருந்தே புவியீர்ப்பினாற் கீழே தாழத் தொடங்குகின்றது. நமது இரண்டு அம்புகளையும் 30 மீற்றர் தூரத்துக்கு எய்தால், இலேசானது அத்தூரத்தை 0.35 செக்கனிற் கடந்து 61 சதம மீற்றர் தாழும். கனத்தது 0.5 செக்கன் எடுத்து 122 சதம மீற்றர் தாழும். தூரத்தைச் சரியாக அறிந்தவன் அதற்கேற்ப வில்லை உயர்த்திக் குறிபார்ப்பான். ஆனால் காட்டிலே தூரத்தைக் கண்ணால் மதிப்பது எளிதன்று. 30 மீற்றரில் நிற்கும் மானை 25 மீற்றரில் நிற்பதாக எண்ணி எய்தால், இலேசான அம்பு குறிக்கு 10 சதம மீற்றர் கீழே தைக்கும். கனத்தது 20 சதம மீற்றர் கீழே தைக்கும். மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஏறக்குறைய ஒரு சாப்பாட்டுக் கோப்பையின் அகலமே. அதன் நடுவிலிருந்து 10 சதம மீற்றர் விலகினால் அப்பகுதிக்குள்ளேதான். 20 விலகினால் வெளியே.

ஆகவே கனத்த அம்பைத் தேர்ந்தவன் அதற்கொரு விலை கொடுத்தாக வேண்டும். அவ்விலை பொறுமை. அவன் விலங்கை இன்னும் அணுகிச் செல்லவேண்டும். அணுக முடியாதவிடத்து எய்யாமலே திரும்பவேண்டும்.

ஆபிரிக்காவிற் கண்ட முடிவுகள்

பெரிய விலங்குகளில் இவ்வாதம் ஏன் கூர்மையடைகின்றது என்பதை ஆபிரிக்கக் காட்டெருமை காட்டும். 600, 700 கிலோகிறாம் நிறையுள்ள அவ்விலங்கின் தோல் தடித்தது. விலாவெலும்புகள் அகன்று ஒன்றோடொன்று நெருங்கியவை. அம்பு எலும்பைத் தொடாது உட்செல்வது அரிது. ‘றொபின் ஹூட்’ கதையை 1938-ல் ஹொலிவூட்டிற் படமெடுத்தபோது வியத்தகு வில்வித்தைகளைச் செய்து காட்டிய ஹவாட் ஹில், பின்னர் ஆபிரிக்கா சென்று யானை வேட்டையாடியபோது 100 இறாத்தலுக்கு மேற்பட்ட வில்லையும் மிக நீண்ட, கனத்த அம்புகளையுமே கொண்டு சென்றார். அவரிடம் இருந்தது அனுபவ அறிவு.

அவ்வனுபவத்தை அளந்து எழுதியவர் எட் ஆஷ்பி என்பவர். 1980-களில் தென்னாபிரிக்காவின் நேற்றால் மாகாணத்தில் அம்பின் கொல்லும் ஆற்றலை அவர் ஆராய்ந்தார். கொல்லப்பட்ட விலங்குகளின் உடலில் ஒவ்வோர் அம்பும் எவ்வளவு ஆழஞ் சென்றது, எந்த எலும்பை உடைத்தது, எங்கே நின்றது என்பனவற்றைக் குறித்தார். பின்னர் அவுஸ்திரேலியாவின் வடபாகத்துக் காட்டெருமைகளிலும் அச்சோதனையைத் தொடர்ந்தார். ஏறக்குறைய 650 கிறெயினை எட்டிய அம்புகள், அதற்குக் குறைந்தவற்றைவிடப் பெரிய எலும்பைத் துளைத்துச் செல்லும் வாய்ப்பிற் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டிருந்தன என்பது அவருடைய முடிவுகளுள் ஒன்று. மான் வேட்டைக்கும் அவ்வளவு நிறை வேண்டுமோ என்பதில் வேட்டைக்காரரிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை.

ஆனால் நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. ஊடுருவலுக்குத் துணைசெய்யும் காரணங்களை வரிசைப்படுத்திய ஆஷ்பி, நிறைக்கு முதலிடங் கொடுக்கவில்லை. மோதும்போது அம்பும் அலகும் முறியாமலும் வளையாமலும் இருத்தலே முதலாவது. ஆட்டமின்றி நேராகப் பறத்தல் இரண்டாவது. அம்பின் நிறை பின்பகுதியிலன்றி முன்பகுதியிற் கூடியிருத்தல் அடுத்தது. அலகு குறுகி நீண்டிருத்தலும் கூர்மையும் வேறு. தலையிலே பாரமுள்ள அம்பு தன் தண்டைத் தானே இழுத்துச் செல்லும். தண்டிலே பாரமுள்ள அம்பு மோதியதும் பின்னிருந்து தள்ளுண்டு வளைந்து ஆற்றலை இழக்கும்.

பழங்குடி மக்கள் இதனை ஏட்டிற் படியாமலே அறிந்திருந்தனர். அமெரிக்கச் செவ்விந்தியர் பலர் நாணல் தண்டின் முன்பாகத்தே வைரமான மரத் துண்டைப் பொருத்தி அதிலே கல்முனையைக் கட்டினர். நம் நாட்டு வேடரின் அம்புகளிலும் நீண்ட இரும்பலகு பூட்டப்பட்டிருந்தது. பாரம் முன்னால், கூர்மை நீளமாக என்பதே இரண்டிலுங் காணப்படும் அமைப்பு.

தெரிவு எவ்வாறு?

இவற்றையெல்லாம் தொகுத்தால் அம்பைத் தெரிவு செய்யும் ஒழுங்கு புலப்படும். முதலில் விலங்கைப் பார்க்கவேண்டும். அமெரிக்க வெண்வால் மானுக்கு 400 முதல் 500 கிறெயின் வரையுள்ள அம்பு போதியது என்பது பெரும்பாலோர் கருத்து. எல்க், மூஸ் போன்ற பெருமான்களுக்கு 500-ஐயுங் கடந்து செல்வர். காட்டெருமைக்கு 650 கிறெயினுக்கு மேல். அடுத்துத் தன் கையைப் பார்க்கவேண்டும். தன்னால் நடுக்கமின்றி இழுத்துப் பிடிக்கத்தக்க வில் எதுவோ அதுவே தன் வில். அந்த வில் தாங்கும் அம்பே தன் அம்பு. வலிமை குறைந்த வில்லை உடையவன் காட்டெருமையை நாடாதிருத்தலே முறை. மூன்றாவதாக, நிறையைக் கூட்டும்போது தண்டின் விறைப்பையும் கூட்டவேண்டும். முனையிற் பாரத்தை ஏற்றிவிட்டு மெல்லிய தண்டைப் பயன்படுத்தினால் நாண் தள்ளும் வேகத்தில் அது மிகையாக வளைந்து, நெளிந்து பறந்து, பக்கவாட்டிலே மோதும். அத்தகைய அம்புக்கு 700 கிறெயின் நிறையிருந்தும் பயனில்லை.

விறகு பிளப்பவனைக் கண்டிருக்கின்றோம். பனங்குற்றிக்குக் கோடரியும் தென்னம்பாளைக்குக் கத்தியும் எடுப்பான். கருவியின் பாரம் பொருளுக்கேற்ப அமையவேண்டும் என்பது அவனுக்கு யாரும் உபதேசித்ததன்று.

அறத்தின் கேள்வி

இத்தனை கணக்கும் யார் பொருட்டு? வேட்டைக்காரன் பொருட்டன்று. அவன் தவறினால் வெறுங்கையோடு வீடு திரும்புவான். மறுநாள் வேறோர் அம்பு வாங்குவான். தோளெலும்பிற் பாதி தைத்த அம்போடு காட்டினுள் ஓடிய விலங்குக்கு மறுநாள் என்பது வேதனையின் இரண்டாம் நாள். அம்பு உட்சென்று இரு நுரையீரல்களையும் அறுத்திருந்தால் அது சில நிமிடங்களுள் விழுந்திருக்கும்.

இக்காரணத்தினாலேயே நாடுகள் வில்வேட்டையைப் பற்றி மாறுபட்ட முடிவுகளுக்கு வந்துள்ளன. அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலம் 1934-ல் வில்லுக்கென்றே தனி மான்வேட்டைக் காலத்தை ஏற்படுத்தி மற்றைய மாநிலங்களுக்கு வழிகாட்டியது. இங்கிலாந்தோ 1963-ம் ஆண்டின் மான்கள் சட்டத்தால் மான்மீது அம்பெய்வதைத் தடுத்தது. 1981-ல் வந்த சட்டம் வனவிலங்குகளை வில்லாற் கொல்வதையே விலக்கியது. நமீபியா போன்ற நாடுகள் இடைவழியை மேற்கொண்டு, விலங்கின் பருமனுக்கேற்ப அம்பின் மிகக் குறைந்த நிறையையும் சக்தியையும் விதியாக வகுத்துள்ளன. ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்திலே அம்பின் நிறை இடம்பெறுதல் வியப்பாகத் தோன்றலாம். வாய்பேசாத உயிரின் வேதனையைச் சட்டம் அளக்கப் புகுந்தால், தராசிலே வைக்கத்தக்க பொருள் அதுவே.

நம் நாட்டிலே மான், மரை, யானை முதலியவற்றுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. இக்கட்டுரையைப் படித்த இளைஞர் எவரும் வில்லெடுத்துக் காடேக வேண்டியதில்லை. வில்வித்தையில் விருப்பமுள்ளோர்க்கு வைக்கோற் பலகையும் வண்ண வட்டமும் போதும். அங்கே இலேசான அம்பே சிறந்தது. வைக்கோலுக்கு வலிப்பதில்லை.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம்மவர் பழமொழி. அம்பு தன் நிறையைத் தானே தேர்ந்துகொள்வதில்லை. தான் பறக்கும் தூரத்தையும் அது முடிவு செய்வதில்லை. அவ்விரண்டையும் முடிவு செய்பவன் எய்பவனே. வன்பரணர் கொண்ட அளவுகோல் விரைவன்று, ஆழமே என்று தொடக்கத்திற் கண்டோம். போப்பும் ஆஷ்பியும் அளந்தறிந்ததும் அதுவே. அவ்வளவுகோலுக்கு அம்பின் நிறை மட்டும் போதாது. எய்யத் தகாத தூரத்தில் வில்லைத் தாழ்த்தும் மனமும் வேண்டும்.